'மற்றவை' அறை

வெள்ளிக்கிழமைகளில் மதியத்துக்கு மேல் கடைசி இரண்டு பீரியடுகள் அந்தப் பெண்கள் பள்ளியில் பாடம் கிடையாது. கால அட்டவணையில் 'தனித்திறன் நேரம்' என்று போட்டிருக்கும். மணி அடித்ததும் பாடுகிற பிள்ளைகள் மாடிக்குப் போவார்கள். ஆடுகிறவர்களுக்குக் கூடம், படம் வரைகிறவர்களுக்குச் சாப்பாட்டுக் கொட்டகை, தைக்கிறவர்களுக்குத் தையல் அறை, ஓடுகிறவர்களுக்கு மைதானம். எதிலும் சேராத கொஞ்சம் பேர் வராந்தாவில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நிற்பார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு கீழ்த்தளத்தின் கோடியில் இருக்கும் புவியியல் அறைக்குப் போவது சுருட்டு டீச்சரின் வேலை.

சுருட்டு என்பது பிள்ளைகள் வைத்த பெயர். எந்த வகுப்புக்குப் போனாலும் அவர் கக்கத்தில் சுருட்டிய வரைபடம் ஒன்று இருக்கும். தனக்கு அப்படி ஒரு பெயர் உலவுவது அவருக்கு வேலைக்குச் சேர்ந்த வருடமே தெரிந்துவிட்டது. முதலில் கோபம் வந்தது. பிறகு, கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டியிருந்ததால் விட்டுவிட்டார்.

தனித்திறன் நேரத்தை அவர் கேட்டு வாங்கவில்லை. அப்படி ஒரு நேரம் வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்த வருடம், ஆசிரியைகள் கூட்டத்தில் எல்லோரும் ஆளுக்கொரு குழுவை எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் 'மற்றவை' என்று ஒரு வரி மிஞ்சியது. அதற்கு யார் என்று தலைமையாசிரியை கேட்டபோது, அறையில் இருந்த அத்தனை பேரும் சன்னல் வழியாக எதையோ பார்க்க ஆரம்பித்தார்கள். சுருட்டு டீச்சருக்கு அந்த நேரத்தில் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தலைமையாசிரியையின் முகத்தைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான்.

"உங்க மிச்சம் மீதியெல்லாம் எப்படி இருக்கு டீச்சர்?" என்று கணக்கு டீச்சர் வாராவாரம் கேட்பார். பக்கத்து நாற்காலிக்காரர், பல வருடப் பழக்கம். அவர் கேட்பதில் விஷம் கிடையாது, உப்பு மட்டும் உண்டு.

முதல் வருடம் சுருட்டு டீச்சர் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார். ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு உனக்கு என்ன பிடிக்கும், என்ன நன்றாக வரும் என்று கேட்டார். ஒருத்தி டாக்டர் என்றாள். ஒருத்தி, தையல் என்று சொல்லும்படி அம்மா சொல்லி அனுப்பியிருப்பதாகச் சொன்னாள். ஒருத்தி, தெரியாது டீச்சர் என்று சொல்லிவிட்டு, ஏதோ குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி அழுதாள். அன்று அவருக்கு ஒன்று புரிந்தது: தனக்கு என்ன வரும் என்று தெரிந்த பிள்ளை இந்த அறைக்கே வராது, தெரியாத பிள்ளையிடம் போய் அதையே கேட்டால் அது என்ன சொல்லும்?

வழி தற்செயலாகக் கிடைத்தது. வரைபட அலமாரியில் கரையான் ஏறிவிட்டது. உள்ளே இருந்த அத்தனையையும் தரையில் கொட்டி, துடைத்து உள்ளே வைக்கும்படி பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, நாற்காலியைச் சன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குதிகால் வலி அப்போதே ஆரம்பித்திருந்தது. உட்கார்ந்தவர், வேறு வேலை இல்லாததால் பார்த்தார். ஒருத்தி யாரும் சொல்லாமலே கிழிந்தது தனி, நல்லது தனி என்று பிரித்தாள். ஒருத்தி ஒரு துரும்பைக்கூட அசைக்காமல் நடுவில் நின்று மற்றவர்களை வேலை வாங்கினாள், அவர்களும் செய்தார்கள். ஒருத்தி மேசைக்கு அடியில் போய்ப் பழைய வரைபடப் புத்தகத்தில் தீவுகளின் பெயர்களை வாய்க்குள் படித்துக்கொண்டிருந்தாள். தெரியாது என்று அழுத பிள்ளை, வரைபடத்தின் துணி ஓரம் கிழிந்திருந்ததைத் தன் பாவாடை மடிப்பிலிருந்து நூல் உருவி, ஊக்கு முனையால் கோத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் அந்தப் பிள்ளையைத் தையல் அறைக்கும், வேலை வாங்கியவளைப் பேச்சுக் குழுவுக்கும் அனுப்பினார். இரண்டும் ஒட்டிக்கொண்டன. அன்றிலிருந்து பள்ளி திறந்ததும் முதல் வெள்ளிக்கிழமை அலமாரியைக் கொட்டுவது வழக்கமாகிவிட்டது. ஒரே வார்த்தைதான் சொல்வார்: "துடைச்சு உள்ள வைங்க." அப்புறம் நாற்காலி, சன்னல், பார்வை. உங்களுக்கு நோகாமல் அலமாரி சுத்தமாகிறது என்று ஆசிரியைகள் கேலி செய்தார்கள். அதுவும் உண்மைதான் என்பதால் அவர் மறுக்கவில்லை.

எதற்கும் பிடிபடாத பிள்ளைகளும் உண்டு. அவர்களை வருடம் முழுக்கத் தன்னோடே வைத்துக்கொள்வார். என்ன செய்கிறார்கள் என்று யாராவது கேட்டால், சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்பார். சும்மா உட்காருவது எல்லோருக்கும் வந்துவிடாது, தனக்கே இத்தனை வயதுக்கு மேல்தான் ஆசையே வந்திருக்கிறது, அது இன்னும் கைகூடவில்லை என்பார்.

உண்மையில் அவருக்கு ஓய்ந்துதான் போயிருந்தது. வீடு மூன்றாவது மாடியில். படி ஏறும்போது கைப்பிடிச் சுவரில் ஒரு கை, பையில் ஒரு கை, பைக்குள் திருத்தாத தாள்கள். கணவர் நகரத்துக்குத் தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர். காலை ஷிப்ட் முடிந்து வந்த நாட்களில் சோற்றை வடித்து வைத்துவிட்டு, ஒரு அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் வெந்நீரும் உப்பும் கலந்து கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்திருப்பார். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை. டீச்சர் தொட்டிக்குள் காலை விடுவார். கணவர் செய்தித்தாளைப் பிரிப்பார்.

"பள்ளிக்கூடத்தை அங்கேயே விட்டுட்டு வாயேன்," என்றார் கணவர் ஒருநாள்.

"எங்கங்க விடுறது? கால்லயே ஒட்டிக்கிட்டு வருது."

ஒரே மகள் படிப்பு முடித்து வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். சாயங்காலம் பேருந்துக்குக் காத்திருக்கிற நேரத்தில் அம்மாவைக் கூப்பிடுவாள். பேருந்து வந்ததும், பேசிக்கொண்டிருக்கும் வாக்கியம் எதுவானாலும் அதை அந்தரத்தில் விட்டுவிட்டு ஏறிவிடுவாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு வெள்ளிக்கிழமை, குயில் வந்து புவியியல் அறை வாசலில் நின்றாள்.

குயில் என்பது பள்ளிக்கூடம் வைத்த பெயர். அதைவிடப் புதிதாக ஒன்றும் யாருக்கும் தோன்றவில்லை. எட்டாம் வகுப்பில் இருந்தபோது மற்றவை அறைக்கு வந்த பிள்ளை. இப்போது கடைசி வகுப்பு. அலமாரி துடைத்த அன்று அவள் குரலைக் கேட்டு, பாட்டுக் குழுவுக்கு அனுப்பியவர் சுருட்டு டீச்சர்தான். அவருடைய கண்டுபிடிப்புகளில் ஆகப் பெரியது என்று ஆசிரியைகள் அறையே ஒத்துக்கொண்டது அவளைத்தான். அதன்பிறகு காலை இறைவணக்கத்துக்கு அவள். யார் வந்தாலும் வரவேற்க அவள். யார் ஓய்வு பெற்றாலும் வழியனுப்ப அவள். மைதானத்தில் புதுத் தண்ணீர்க் குழாய் திறந்தபோதும் பாடினாள். பாட்டு முடிவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. பிள்ளைகள் எல்லாம் குழாயடிக்கு ஓடிவிட்டார்கள், அவள் மட்டும் கடைசி வரி வரை பாடிவிட்டு வந்தாள்.

"டீச்சர், நான் திரும்ப இங்க வந்துடட்டுமா?" என்றாள்.

சுருட்டு டீச்சர் முதலில் விளையாட்டு என்று நினைத்தார். பாட்டு டீச்சர் திட்டினாரா என்று கேட்டார். இல்லை, அவர் ரொம்ப நல்லவர். தொண்டையில் ஏதாவதா? இல்லை. யாராவது கேலி செய்கிறார்களா? இல்லை.

"அப்புறம் என்னம்மா?"

"நான் பாடுறவ இல்ல டீச்சர். நீங்கதான் அனுப்பிட்டீங்க."

"நல்லா இருக்கே கதை. அன்னைக்கு நீ பாடினதை நான் கேட்டேன்ல?"

"நான் அன்னைக்கு வேலை செஞ்சிட்டிருந்தேன் டீச்சர்."

"என்ன வேலை?"

அவள் அலமாரியின் தலையைக் காட்டினாள். அங்கே உலக உருண்டை நின்றுகொண்டிருந்தது.

அந்த உருண்டைக்கு ஒரு வரலாறு உண்டு. வெகுகாலமாக அது தாங்கியிலிருந்து கழன்று உருண்டுகொண்டிருந்தது. சுருட்டு டீச்சர் ஒரு கையில் உலகத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையால்தான் எழுதுவார். அலமாரி கொட்டிய அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு பார்த்தால், அது தாங்கியில் ஏறி, தொட்டால் சுற்றிக்கொண்டு நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரப் பிள்ளை ஒருத்தியின் வேலை என்று முடிவு செய்து, அவளை அறிவியல் குழுவுக்கு அனுப்பினார். நான் ஒன்றுமே செய்யலையே டீச்சர் என்று அவள் சொன்னதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

"ஓட்டை பெருசாயிடுச்சு டீச்சர், அதான் நிக்கல. பென்சில் கட்டையைச் செதுக்கிச் சொருகி, அதுக்குள்ள குடைக்கம்பியை விட்டேன்," என்றாள் குயில்.

"பாட்டு?"

"அது கை வேலையா இருந்தா தானா வரும். கவனிச்சா நின்னுடும்." அலமாரியின் தலையை மறுபடி பார்த்துவிட்டு, "இப்பல்லாம் வர்றதில்ல," என்றாள்.

"இதை அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?"

"நீங்க ரொம்ப சந்தோஷமா இருந்தீங்க டீச்சர்."

சுருட்டு டீச்சர் உட்கார்ந்துகொண்டார். அந்த வெள்ளிக்கிழமை அவருக்கு நன்றாகவே நினைவு வந்தது. காலையிலிருந்து ஓயாமல் வகுப்பு. குதிகாலில் ஆணி இறங்கிய மாதிரி வலி. சன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கவில்லை, ஆனால் மூடிக்கொண்டார். அந்த இருட்டுக்குள் ஒரு குரல் வந்தது, மெதுவாக, யாருக்கும் இல்லாமல். வலிக்கு இதமாக இருந்தது. கண்ணைத் திறந்ததும், இவ்வளவு நேரம் பாடியது யார் என்று கேட்டார். ஒருத்தி கையைத் தூக்கினாள். பார்ப்பதற்கென்றே உட்கார்ந்த நாற்காலியில், அந்த ஒரு நாள் பார்க்காமல் கேட்டுவிட்டார்.

இங்கே வந்து என்ன செய்வாய் என்று கேட்டார். தையல் அறையில் பழுதான மெஷின்கள் உறை போட்டு மூலையில் கிடக்கின்றன, அதில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றாள். இது கடைசி வருடம், வீட்டில் பிரிப்பதற்கு எதுவும் மிச்சம் இல்லை, அம்மா திட்டுகிறாள் என்றாள். அவள் அதைச் சொன்ன விதத்தில் கெஞ்சல் இல்லை. கடைக்காரரிடம் இருக்கிறதா இல்லையா என்று கேட்கிற மாதிரி கேட்டாள்.

பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார். ஆனால் பார்க்கலாம் என்பது அவ்வளவு லேசு இல்லை. ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. மேல் வகுப்புகள் தொடங்க அனுமதி கொடுக்கலாமா என்று பார்ப்பதற்கு ஒரு குழு அன்றைக்குத்தான் வருகிறது. வரவேற்பிலிருந்து நன்றி வரை குயில் தனியாகப் பாடுவதாக ஏற்பாடு ஆகியிருந்தது.

சாயங்காலம் மகள் கூப்பிட்டபோது இதைச் சொன்னார். மகள் சிரித்தாள்.

"எத்தனை பிள்ளைங்கம்மா உன் அலமாரியைத் துடைச்சிருக்கும். ஒண்ணு தப்பிப்போச்சு, விடு."

"தப்பிப்போகலடி. தப்பான இடத்துல போட்டுட்டேன்."

"என்னையாவது ஒரு தடவை துடைக்கச் சொல்லியிருக்கலாம்ல? நம்ம வீட்டு அலமாரியை எல்லாம் நீயே துடைச்சுட்ட. அதான் எனக்கு எது நல்லா வரும்னு இன்னும் எனக்கும்—" என்பதற்குள் பேருந்து வந்துவிட்டது.

கைபேசியைக் கட்டிலில் வைத்துவிட்டு, தொட்டித் தண்ணீர் ஆறும்வரை காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். கணவர் செய்தித்தாளுக்கு மேலாகப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய் இன்னொரு செம்பு வெந்நீர் கொண்டுவந்து ஊற்றினார்.

அடுத்த வாரம் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். குயில் பாட்டு டீச்சரிடம் தானே போய்ச் சொல்லியிருந்தாள். பாட்டு டீச்சர் பதறிப்போய் மேலே சொல்லிவிட்டார். அறையில் குயில் சுவரோரம் நின்றாள். அவளுடைய அம்மாவையும் வரவழைத்திருந்தார்கள். சலவைக் கடையில் துணி தேய்க்கிற பெண். முன்கையில் பழைய சூட்டுத் தழும்புகள். நாற்காலி நுனியில், எந்த நேரமும் எழுந்துவிடத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. ஒழுகுகிற கூடத்தையும், பாதி உடைந்த பெஞ்சுகளையும் வைத்துக்கொண்டு பள்ளியை ஓட்டுகிறவர். அவருக்கும் ஓய்வில்லை. பிள்ளைகளின் திறமையை வளர்க்க வேண்டும் என்று ஓயாமல் சொல்கிற நீங்களே வளர்ந்து நிற்பதை வெட்டச் சொல்கிறீர்களா என்று சுருட்டு டீச்சரைக் கேட்டார். கூடத்துக் கூரை முழுக்க ஈரக்கறை. இந்தக் கூடத்தை நம்பி மேல் வகுப்பா என்று கேட்டுவிட்டுக் குழு போய்விடும்.

"இந்தப் பொண்ணு பாடினா வர்றவங்க யாரும் கூரையைப் பார்க்க மாட்டாங்க டீச்சர்," என்றார். "எனக்கு அது போதும்."

சுருட்டு டீச்சர் ஒரு பதில் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். பிள்ளையின் விருப்பம், கடைசி வருடம், கைத்திறன் என்று ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார். வாயைத் திறந்தபோது அது வரவில்லை.

"தப்பு என்னோடது மேடம். அன்னைக்கு நான் கண்ணை மூடிட்டு உக்காந்திருந்தேன். அவ என்ன செஞ்சான்னு பார்க்கல. காதுல விழுந்ததை வச்சு அனுப்பிட்டேன்."

"வகுப்புல தூங்கினேன்னு சொல்றீங்களா?"

"தூங்கினேன்னே வச்சுக்குங்க."

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இதை வெளியில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்றார். பிறகு குயிலிடம் திரும்பி, உனக்குப் பாடப் பிடிக்கவில்லையா என்று கேட்டார். குயில் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள். அந்த அம்மாவுக்கு இதில் ஒன்றும் புரியவில்லை என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். அவள் பேச ஆரம்பித்தபோது தன் கையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"முன்னாடியெல்லாம் வீட்டுல எதையாவது கழட்டிப் போட்டுக்கிட்டு முனகிக்கிட்டே இருப்பா. நான்கூட என்னடி தொணதொணப்புன்னு திட்டுவேன். இப்ப வீட்டுல வாயே திறக்கிறதில்லங்க. பள்ளிக்கூடத்துல பாடிப் பாடி அலுத்து வருதுபோலன்னு நினைச்சேன். நான் கடையில தேய்ச்சுட்டு வந்து வீட்டுத் துணியைத் தேய்க்கிறதில்லையே, அந்த மாதிரின்னு."

வராந்தாவில் யாரோ நாற்காலியை இழுத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

"சரி," என்றார் தலைமையாசிரியை, சலித்துப்போன குரலில். "பாட வேண்டாம். எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து பாடட்டும். ஆனா டீச்சர், அன்னைக்குக் கூரைக்கு நீங்கதான் பொறுப்பு. நீங்க கழட்டினீங்க, நீங்களே மாட்டுங்க."

வெளியில் வந்ததும் குயிலின் அம்மா மகளின் தலையில் லேசாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள்.

கூரைக்கு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. வெள்ளையடிக்க நேரமில்லை, ஈரத்தில் ஒட்டாது. வெள்ளிக்கிழமை கூடத்துக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். கறைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கண்டம் மாதிரி இருந்தன. பழக்க தோஷத்தில் ஒன்றை எந்த நாடு என்று யோசித்தபோதுதான் எண்ணம் வந்தது. அலமாரியில் மூங்கில் கம்பு வைத்துச் சுருட்டிய பெரிய வரைபடங்கள் நிறைய இருந்தன. அவற்றைக் கூரைக்குக் கீழே விரித்துப் படுக்கை வாட்டில் தொங்கவிட்டால்?

அறைக்கு வந்து பருவம் தப்பி அலமாரியைக் கொட்டினார். மற்றவைப் பிள்ளைகள் துடைத்தார்கள். தையல் அறையிலிருந்து காலி நூல்கண்டுக் கட்டைகளைக் கேட்டு வாங்கி, அவற்றைக் கம்பியில் கோத்து உத்தரத்து வளையங்களில் மாட்டி, கயிற்றை அதன்மேல் ஓடவிட்டாள் குயில். கீழே தூணுக்குப் பக்கத்தில் நின்று ஒரு கயிற்றை இழுத்தால் உலகம் மெதுவாக மேலே போய் விரிந்தது. ஏணி மேல் நிற்கும்போது அவள் எதையோ முனகிக்கொண்டிருந்தாள். சுருட்டு டீச்சர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கயிற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆண்டு விழாவில் பாட்டுக் குழு மொத்தமாகப் பாடியது. பாதிப் பேர் முன்னே, பாதிப் பேர் பின்னே, பரவாயில்லை ரகம். வந்தவர்களின் கண் மேலேதான் போனது. கூரையைப் பார்த்தார்கள், ஆனால் கறையைப் பார்க்கவில்லை. ஒருவர் தான் வேலை பார்த்த ஊர்களையெல்லாம் அண்ணாந்து தேடினார். யாருடைய யோசனை என்று கேட்டார்கள். தலைமையாசிரியைக்கு முகம் மலர்ந்துவிட்டது. தூணுக்குப் பின்னால் கயிற்றோடு நின்ற குயிலைக் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்து வந்து, எங்கள் பிள்ளைகளின் தனித்திறமையைப் பாருங்கள், பாட்டு மட்டுமல்ல, எந்தப் பொருளையும் சரிசெய்துவிடுவாள் என்றார். கைதட்டல் எழுந்தது.

கடைசி வரிசையில் நின்ற சுருட்டு டீச்சர், தட்ட எடுத்த கையை இறக்கிக்கொண்டார். இந்தக் கைதட்டலை அவர் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறார்.

பார்வையிட வந்த குழு, யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனது. அடுத்த வாரமே, அவர் பயந்த மாதிரியே, சத்துணவு அறையிலிருந்து ஒரு குக்கர் மூடி வந்தது. பாட்டு டீச்சர் வீட்டு அலாரக் கடிகாரம் வந்தது. யாருடைய குடையோ, யாருடைய கைப்பை ஜிப்போ வந்தன. தலைமையாசிரியையின் மேசை விசிறியும் வந்தது. எல்லோரும் அன்பாகத்தான் கேட்டார்கள். நேரம் கிடைக்கும்போது பாரும்மா, அவசரமே இல்லை என்றார்கள். ஒவ்வொரு அவசரமில்லாத பொருளும் புவியியல் அறை மேசையில் வந்து உட்கார்ந்தது. தையல் மெஷின் ஒன்று செய்தித்தாள் மேல் தலைகீழாக, வயிறு திறந்தபடி, ஓரமாகக் காத்திருந்தது. அதைத் தொட அவளுக்கு நேரம் இல்லை. இரண்டு வெள்ளிக்கிழமைகள் போயின. சுருட்டு டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். குயிலின் கை வேலை செய்தது, வாய் மூடியிருந்தது.

மூன்றாம் வெள்ளிக்கிழமை, பிள்ளைகள் வருவதற்கு முன்பே அவர் அறைக்குப் போனார். குக்கர் மூடி, கடிகாரம், குடை, விசிறி எல்லாவற்றையும் ஒரு கூடையில் போட்டு, நொண்டிக்கொண்டே ஒவ்வோர் அறையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். சரியாகவில்லையா என்று கேட்டவர்களிடம், ஆகவில்லை என்றார். தலைமையாசிரியையிடமும் அதையே சொன்னார். அந்தப் பிள்ளைக்கு அவ்வளவாகக் கைவரவில்லை என்று ஒரு வார்த்தை சேர்த்தும் சொன்னார். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் வியர்த்தது. தலைமையாசிரியை அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, விசிறியை வாங்கி மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

பிறகு மற்றப் பிள்ளைகளையெல்லாம் வேப்ப மரத்தடிக்கு அனுப்பிவிட்டு, குயிலை மெஷினோடு உள்ளே விட்டு, கதவைச் சாத்தினார். நாற்காலியை வராந்தாவுக்கு எடுத்து வந்து கதவுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தார். சன்னலும் இல்லை, பார்வையும் இல்லை. இந்தத் தடவை பார்க்கவும் வேண்டாம் என்று தோன்றியது.

பாட்டு மாடியிலிருந்தும், ஓட்டம் மைதானத்திலிருந்தும் கேட்டுக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலைக் குளிர்ந்த தரையில் வைத்தார். அப்போது கணக்கு டீச்சர் ஒரு துணிப்பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார். பையின் வாயில் இஸ்திரிப் பெட்டியின் கைப்பிடி தெரிந்தது.

"உள்ள இருக்காளா? சூடே ஏற மாட்டேங்குது. சும்மா ஒரு பார்வை பார்த்தாப் போதும்."

"இல்ல டீச்சர். யாரும் இல்ல."

"கதவு சாத்தியிருக்கு?"

"தூசி வருதுன்னு சாத்தினேன்."

கணக்கு டீச்சர் திரும்பப்போனார். அந்த நேரம் பார்த்து உள்ளே ஆரம்பித்தது. முதலில் இரும்பு இரும்பில் இடறும் சத்தம். அப்புறம் அதற்கு மேலாக, மெதுவாக, வார்த்தை இல்லாத ஒரு முனகல். எங்கேயோ தொடங்கி எங்கேயும் போகாமல் சுற்றியது. சுருட்டு டீச்சர் பலமாக இருமிப் பார்த்தார். அது நிற்கவில்லை. யாரும் கவனிப்பதாக அதற்குத் தெரியவில்லை.

கணக்கு டீச்சர் பையோடு நின்றார். கதவைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார்.

"அப்ப உள்ள பாடுறது யாரு?"

சுருட்டு டீச்சர் சுற்றுமுற்றும் பார்த்தார். பார்ப்பதற்குச் சன்னல் ஏதும் இல்லை.

"நான்தான்," என்றார்.

அவர் குரலின் லட்சணம் ஆசிரியைகள் அறைக்கே தெரியும். காலை இறைவணக்கத்தில் வாயை மட்டும் அசைக்கச் சொல்லிப் பல வருடத்துக்கு முன்பே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கணக்கு டீச்சர் அவருடைய வாயைப் பார்த்தார். அது மூடித்தான் இருந்தது. உள்ளே முனகல் இன்னொரு சுற்றுச் சுற்றி வந்தது.

கணக்கு டீச்சர் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"சரி, பாடுங்க," என்று சொல்லிவிட்டு, இஸ்திரிப் பெட்டியோடு வந்த வழியே போனார்.